எனக்கு வேண்டிய சத்து

தொப்பம்பட்டி பிளாக்கில் நான் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் முப்பது நாற்பது பெண்களுக்கு முன்னால் மயங்கி விழுந்தேன். விழும்போது என் கையில் ஒரு பிடி முருங்கைக்கீரை இருந்தது. சத்துள்ள உணவை எப்படிச் சமைப்பது என்று அவர்களுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. காலையில் கிளம்பி இரண்டு மூன்று ஊர்களுக்கு நடந்தே போவது, பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பது, கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வது, இவைதான் என் வேலை. எனக்கு இருபத்து நான்கு வயது. பயிற்சிப் பள்ளியில் முதலாவதாக வந்தவள். யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருக்கும்.

கண் விழித்தபோது கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். கூட்டம் நடந்த வீட்டுக்காரம்மா என் வாயில் வெல்லத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, கீரை தின்னா ரத்தம் ஊறும்னு எங்களுக்குச் சொல்றீங்க. நீங்க அதைத் தின்னு பாக்கறதில்லீங்களா?"

கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்னால் நின்ற பெண்கள்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். பொய். காலையில் காப்பியும் பன்னும், மத்தியானம் எந்த ஊரில் இருக்கிறேனோ அங்கே கிடைத்தது, சாயங்காலம் மறுபடியும் காப்பி. கீரையைப் பற்றிப் பேசினேனே தவிர, எனக்கென்று ஒருநாளும் சமைத்ததில்லை.

பிளாக் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு அறையை நானும் டைப்பிஸ்டாக இருந்த ஒரு பெண்ணும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் சேவுகம்பட்டிக்காரி, விவசாயக் குடும்பம். என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னை அக்கா என்பாள். அன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். அவள் தலைமாட்டில் எப்போதும் ஒரு டானிக் பாட்டில் இருக்கும். அதைக் காட்டினாள்.

"ஒங்களுக்கு டானிக் வேணும்க்கா. நான் இத விட்டா ரெண்டு நாள்ல வாடிப் போயிருவேன். அம்புட்டுத்தான் விஷயம்."

அந்தச் சனிக்கிழமையே பழனிக்குப் போய் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். சிவப்பு நிறம், தித்திப்பு, தொண்டையில் லேசாக எரியும். அது தீரும் முன்பே பாலில் கலக்கும் மால்ட் டப்பா ஒன்று வாங்கினேன். அதன் மேல் படத்திலிருந்த பெண்ணுக்குக் கன்னங்கள் அப்படியொரு மினுமினுப்பு. அடுத்த மாதம் சுறா மீன் எண்ணெயும் சேர்ந்துகொண்டது. சம்பளம் வாங்கியதும் முதலில் போகிற இடம் மருந்துக் கடை என்றாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்புவதைக் கூடக் குறைத்தேன். இத்தனை வாங்கியும் எதற்காக வாங்குகிறேன் என்று என்னை நானே ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

உடம்பு தேறவில்லை. மேட்டில் ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னொன்றும் சேர்ந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. செய்முறை காட்டுவதற்காக வைத்திருந்த பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றேன். நிறுத்த முடியவில்லை.

விடுமுறைக்குத் திண்டுக்கல்லுக்குப் போனபோது அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன இது, இம்புட்டு வெளுத்துப் போய் வந்திருக்க? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஊரில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகிற பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். பேச்சு சுருக்கமாக இருக்கும், ஆனால் அவசரப்படமாட்டார். என்னென்ன சாப்பிடுகிறேன் என்று காட்டுவதற்காக என் பாட்டில்களையும் டப்பாவையும் துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். இவ்வளவு அக்கறையாக உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவர் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இதெல்லாம் யார் எழுதிக் குடுத்தது?"

"நானே வாங்கினேன் டாக்டர்."

"எதுக்கு?"

"சத்துக்கு."

"எந்தச் சத்துக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் எந்தப் பரீட்சையிலும் நான் அப்படி முழித்ததில்லை.

என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாததுபோல, "ஊருக்குள்ள போறப்ப செருப்பு போடுவீங்களா?" என்றார்.

அதற்குப் பதில் வைத்திருந்தேன். ஆபீசர் மாதிரி போய் நின்றால் பெண்கள் ஒட்டமாட்டார்கள், அதனால் ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன் என்று விளக்கினேன்.

"காட்டுப் பக்கம் ஒதுங்கப் போறப்பயும் வெறுங்கால்தானா?"

"ஆமா."

ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலையில் தீப்பெட்டிக்குள் மலம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் காலத்தில் அதற்கு வேறு டப்பா கிடையாது. மத்தியானம் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வயித்துல கொக்கிப் புழு. மண்ணுல இருந்து கால் வழியா ஏறியிருக்கு. இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிதான் இருக்கு. நீங்க மேல டானிக் ஊத்துறீங்க, அது உள்ள இருந்து உறிஞ்சுது. இன்னும் பத்து பாட்டில் குடிச்சாலும் இப்படித்தான் இருப்பீங்க."

கோபம்தான் வந்தது, புழுமேல் இல்லை, என்மேல். ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரம் பேசுகிறவள் நான்.

மறுநாள் வெறும் வயிற்றில் புழு மருந்து கொடுத்து அன்று முழுக்க ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். தலை சுற்றியது, சாயங்காலம் சரியாகிவிட்டது. பிறகு இரும்புச் சத்து மாத்திரை. பச்சைப் பூச்சுப் பூசிய சாதாரண மாத்திரை, ஒரு மாதத்துக்கு வாங்கினால்கூட என் சிவப்பு டானிக்கின் விலையில் கால்வாசி ஆகாது. இரண்டு வேளையும் சாப்பிட்டதும் போட வேண்டும், காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும், எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்துக்கொண்டால் நல்லது என்றார்.

"இந்த மூணையும் என்ன செய்யறது டாக்டர்?"

"காசு குடுத்தாச்சு, தீர்ற வரைக்கும் குடிங்க. தீந்த பெறகு வாங்காதீங்க."

தொப்பம்பட்டிக்குத் திரும்பிய நாலாவது நாள் எனக்கு மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. குடலுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது என்று முடிவு கட்டி மாத்திரையை நிறுத்தினேன். அறைத் தோழியிடம் சொல்லக்கூடக் கூச்சம். கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பாரே என்று இன்லண்டு லெட்டர் வாங்கி, ஒட்டி, டாக்டருக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயமில்லை, முன்கூட்டியே சொல்லாதது தன் தவறு, தொடர்ந்து சாப்பிடவும் என்று எழுதியிருந்தார். அதன் பிறகு நான் எந்தப் பெண்ணுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தாலும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் பள்ளி நோட்டை எடுத்து, முதல் தடவையாக ஊருக்காக இல்லாமல் எனக்காக உட்கார்ந்தேன். எனக்கு எது குறைகிறது, அதில் எது நான் நடக்கிற வழியிலேயே கிடைக்கிறது, எதைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று யோசித்தேன். வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பச்சை மாத்திரை. மற்றதெல்லாம் கண் முன்னால் இருந்தது. காலையில் காப்பிக்குப் பதில் மோர் விட்ட கேழ்வரகுக் கூழ். பையில் வறுத்த நிலக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும். மத்தியானம் போகிற ஊரில் ஒரு பிடி கீரை கேட்டால் யாரும் இல்லை என்று சொன்னதில்லை, கூட ஒரு எலுமிச்சம்பழமும் கொடுப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் முட்டை. காப்பி நாலு மணிக்கு மட்டும். ஒரே வாரத்தில் அது பழகிவிட்டது.

பழனியில் டயர் அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு, நான் மயங்கி விழுந்த அதே ஊருக்குப் போனேன். கட்டிலில் படுக்க வைத்த அந்த அம்மாவிடம், "செருப்போட வந்திருக்கேன், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றேன்.

"தப்பென்னங்க. நீங்க ஏன் அதைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு வாறீங்கன்னுதான் எங்களுக்கு வெளங்கல. முள்ளுக் குத்துமேன்னு நாங்க பேசிக்குவோமுங்க" என்றார்.

இரண்டு மாதத்தில் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. பச்சரிசி ஆசை எப்போது போனதென்றே தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை கூடியது, கொஞ்சம் அதிகமாகவே கூடிவிட்டது.

அறைத் தோழியின் பாட்டில் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. "அதத் தூக்கிப் போடு. கீரையும் கேழ்வரகும் சாப்பிடு, போதும்" என்று தினமும் சொன்னேன். நான் சொன்னால் கேட்பாள். டானிக்கை நிறுத்தி என்னோடு கூழ் குடித்தாள். மூன்று வாரத்தில் அவளுக்கு உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்தது. நாக்கு சிவந்து வழவழப்பானது. குழம்பைத் தொட முடியவில்லை. நான் இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்றேன், அதன் பிறகும் நாலு நாள் என்றேன்.

ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ஒங்க கீரை ஒங்களுக்குச் சரிக்கா. எனக்கு வாயெல்லாம் வேகுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அவள் கண்ணில் நீர் நின்றது. அடுத்த சனிக்கிழமை அவளைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவள் நாக்கைப் பார்த்ததும், என்ன அரிசி, எப்படிச் சமைப்பாய் என்று கேட்டார். மில்லில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டுகிற பழக்கம் அவளுக்கு. அதில் போகிற பி வைட்டமின் அவளுடைய டானிக்கில் கொஞ்சம் இருந்திருக்கிறது. அதை நான் நிறுத்த வைத்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சின்னது, மஞ்சள் நிறம், டானிக்கைவிட மிகவும் மலிவு. பத்து நாளில் அவள் வாய் ஆறிவிட்டது. வடிக்காமல் பொங்கிச் சாப்பிடவும் பழகிக்கொண்டாள்.

அன்று கிளம்பும்போது டாக்டர் என்னை மட்டும் நிறுத்தினார். "ஒங்க ஒடம்புக்குச் சரியா வந்தத இன்னொருத்தர் ஒடம்புல திணிக்காதீங்க. நீங்க ஊருக்குச் சொல்றவங்க, அதனால சொல்றேன்."

பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் வரைக்கும் அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, டானிக் காசு மிச்சம்" என்றாள்.

ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். எனக்கு மனமில்லை. இன்னும் கொஞ்ச நாள் போடுகிறேனே என்றேன். தேவைக்கு மேல் இரும்பு சேர்வதும் கெடுதிதான், இனிமேல் சாப்பாடு பார்த்துக்கொள்ளும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் காட்டினால் போதும் என்றார். வேண்டாம் என்றானதும் விடுவதற்கும் பழக வேண்டியிருந்தது.

என் வேலை செய்கிற விதமும் மாறியது. கூட்டத்தில் எடுத்த எடுப்பில் கீரையைப் பற்றிப் பேசுவதை விட்டேன். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருக்கு வாய் வெடிக்கிறது என்று முதலில் கேட்டேன். வெளுத்துப்போயிருந்த பெண்களிடம் தீப்பெட்டி கொடுத்து, மறுநாள் திரும்ப வாங்கி, பேரெழுதி ஒட்டி, சணல் பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே பஸ்ஸில் எடுத்துப் போனேன். ஒருமுறை கண்டக்டர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை தீப்பெட்டி எதுக்குங்க? பீடிக்கு ஒண்ணு குடுங்களேன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அன்று முழுக்க என் பக்கத்து சீட்டில் யாரையும் அவர் உட்கார வைக்கவில்லை. இருபத்திரண்டு பெட்டியில் பதினான்கு பேருக்குப் புழு இருந்தது. எல்லாருக்கும் மருந்து வாங்கிக் கொடுத்தோம்.

அந்த வருஷம் தை மாதத்தில் தோழி பழனி மலைக்குப் போக வேண்டும் என்றாள். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள்; கும்பிடப் போகவில்லை, அவளுக்குத் துணையாகப் போனேன். காலை வெயிலில் படி முழுவதையும் எங்கும் உட்காராமல் ஏறினேன். அவள் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, "செத்த நேரம் நில்லுங்கக்கா, வாரேன்" என்றாள். மேலே போனதும் சாமி கும்பிட்டுவிட்டுப் பஞ்சாமிர்தம் வாங்கி வந்தாள். பழம், பேரீச்சம்பழம், தேன், சர்க்கரை என்று விரல் மடக்கினாள்.

"இதுலயும் அம்புட்டுச் சத்து இருக்குக்கா. ஒங்க நோட்டுல சேர்த்துக்கிறீங்களா?"

"மலை ஏறுற அன்னைக்கு மட்டும்" என்றேன். இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, இலையை வழித்துச் சாப்பிட்டோம். கீழே நெய்க்காரப்பட்டிப் பக்கம் வயல்கள் பச்சையாகத் தெரிந்தன. எனக்கு நன்றாகப் பசித்தது.