கல்யாணப் பத்திரிகையில் கத்திரிக்கோல்

வாரம் முழுக்கக் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் கீபோர்டு தட்டுகிற கைக்கு, ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை. வீட்டில் சேர்ந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, படம் ஒட்டிவைக்கக் கையகல ஸ்க்ராப் புத்தகம் செய்கிறேன்.

இன்று காலை கூடத்தில் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு மாமியும் மாமாவும் மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள்.

மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்ன காரியமாக்கும் பண்றாய்? மஞ்சள் தடவின பத்திரிகையிலே யாராவது கத்திரிக்கோல் வைப்பாளோ? அபசகுனம்!"

"வெட்டாத பத்திரிகையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குத்தானே போறது மாமி? என்கிட்ட வந்த பிள்ளையார் முதல் பக்கத்திலே ஜம்முன்னு உட்கார்ந்திருக்கார், பாருங்கோ" என்று செய்து முடித்த ஒன்றை நீட்டினேன்.

மாமி அதைத் தொடவில்லை. "எங்காத்துப் பத்திரிகையை வெட்ட மாட்டேன்னு சொல்லு. அப்போதான் தருவேன்."

"கல்யாணம் முடியற வரைக்கும் வெட்ட மாட்டேன். அதுக்கப்புறம் வெட்டுவேன் மாமி. பொய் சொல்லி வாங்கிக்க மாட்டேன்."

மாமா மெதுவாக வாயைத் திறந்தார். "நம்மாத்து அலமாரி ஆடாம இருக்க, அடியிலே மடிச்சு வெச்சிருக்கறதும் கல்யாணப் பத்திரிகைதானே, கேட்டியோ?"

மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பத்திரிகையை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

அரக்கு நிற வெல்வெட் அட்டை. பொன்னிறப் பிள்ளையார். முகூர்த்தம் எப்போது என்று இன்னும் பார்க்கவில்லை, அட்டையின் கனத்தைப் பார்த்துவிட்டேன்.

சரி, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அலமாரியைத் தாங்கிக்கொண்டிருப்பது யாருடைய கல்யாணம்?