ஆடாத பால்பல்

திண்டுக்கல்லில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். கம்மலைக் கழற்று, மூக்குத்தியைக் கழற்று, தாடையை இதில் வை, அசையாதே. இதையே சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. மெஷின் பிள்ளையின் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் மொத்தப் பல்லும் திரையில் தெரியும். ஒரு பிள்ளைக்குப் பல் ஒன்று கூடுதலாக இருக்கும். இன்னொன்றுக்குக் கோரைப்பல் ஈறுக்குள் படுத்துக் கிடக்கும். வேறொன்றுக்கு இருக்க வேண்டிய பல்லே இருக்காது. இதில் ஏதாவது ஒன்றைப் பார்க்காமல் ஒரு நாள் போனதில்லை. ஆனால் வருகிற தாய்மார் அத்தனை பேரும், "எங்க வம்சத்துலயே இப்படிக் கிடையாது" என்பார்கள். வம்சத்தில் யார் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களாம்? கேட்கத் தோன்றும். அலுப்பில் கேட்க மாட்டேன்.

போன மாசம் எரியோட்டிலிருந்து ஓர் அம்மா பதினைந்து வயது மகளோடு வந்தார். அந்தப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். மேலே முன்பல்லுக்கு அடுத்த இடம் காலி. பதினொரு வயதில் அந்த இடத்துப் பால்பல் விழாமல் நின்றிருக்கிறது. பால்பல் நின்றால் புதுப்பல் கோணலாக வரும் என்று நம் பக்கம் ஒரு பயம். தாயே தினமும் விரலால் ஆட்டி, ஒரு மாசம் கழித்து நூல் கட்டிப் பிடுங்கி, சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்துவிட்டார். நாலு வருஷமாகப் புதுப்பல்லுக்குக் காத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் அங்கே முளைக்கப் பல்லே இல்லை.

டாக்டர் அதைச் சொல்லி, வளர்ந்த பிறகு கட்டுப்பல் வைத்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார். மகள் கண்ணாடி முன் நின்று கம்மலை மாட்டிக்கொண்டிருக்க, தாய் என்னிடம் வந்தார்.

"யக்கா, டாக்டர்ட்ட கேக்கப் பயமா இருக்கு. நான் பிடுங்காம விட்டிருந்தா அந்தப் பல்லு நின்னிருக்குமா?"

நின்றிருக்கும். அடியில் புதுப்பல் இல்லையென்றால் பால்பல் பல வருஷம் தாங்கும், சிலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும். அது எனக்குத் தெரியும். சொன்னால் அழுவார், தேற்றிக்கொண்டு நிற்க வேண்டும். வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கோ கால் கடுத்தது.

"அது எப்படியும் விழுந்திருக்கும் தாயி. வெசனப்படாதீங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கும் ஒரு நினைப்பு.

"இப்பத்தான் உசுரு வந்துச்சுக்கா. சின்னவளுக்கும் அதே எடத்துல ஒண்ணு ஆடாம நிக்குது. தொடவே பயந்துக்கிட்டு கெடந்தேன். இன்னைக்கே போயி ஆட்ட ஆரம்பிச்சிர்றேன்."

அக்காவுக்கு இருக்கும் குறை தங்கைக்கும் இருக்கக்கூடும்.

"வேண்டாம்மா, அதைத் தொடாதீங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க, படம் எடுத்துப் பாப்போம்."

"ஏங்க்கா? எப்படியும் விழுகுற பல்லுதான?"

"இல்லம்மா" என்றேன். "அடியில புதுப்பல் இல்லைன்னா, விட்டா நிக்கும்."

அவர் கண்ணாடி முன் நின்ற மூத்தவளைத் திரும்பிப் பார்த்தார். ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாளைக்கு எத்தன மணிக்குக்கா கூட்டியாரட்டும்?" என்றார்.