சாமர்த்தியசாலியின் மாமனார்

அன்று விடியற்காலையிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றும், எங்கள் முறை வருவதற்குள் டோக்கன் தீர்ந்துவிட்டது. மூச்சிரைக்கும் அப்பாவோடு பிள்ளைச்சாவடி பஸ்ஸில் ஏறினேன். நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தார். தன் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து, நார் நீக்கி, சுளைசுளையாக அப்பாவின் கையில் வைத்தார்.

"நானும் ஆஸ்பத்திரிதாங்க போயிட்டு வர்றேன். எங்க மாப்ள சாமர்த்தியசாலி. வரிசையிலயே நிக்கல. உள்ள இருக்குற ஆளுக்கு ஒரு போன் போட்டாரு, டோக்கன் வந்துடுச்சி," என்றார்.

"அதுக்குப் பேரு சாமர்த்தியமா? அது எங்கப்பாவுக்கு வரவேண்டிய டோக்கனுங்க," என்றேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. அப்பாவிடம் குனிந்து, "புள்ள நல்ல புள்ளதான். பொழைக்கத் தெரியல, அவ்ளோதான்," என்றார் பரிவோடு.

சுளையை மென்றபடி அப்பா தலையாட்டினார். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.