ஜெட் விமானமும் கரும்பு டிராக்டரும்

எண்பதுகளின் தொடக்கம். மோகனூர் பக்கம் எங்கள் ஊரில் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் சில நாள் லீவில் வந்திருந்தேன். 

அதற்கு முன் சில வருடங்கள் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒற்றை எஞ்சின், முன்னால் விசிறி. பனைமர உயரத்தில் பறக்கிற வேலை. இறங்கும்போது எஞ்சின் வேகத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன். கொஞ்சம் அதிகமாகத் தாழ்ந்துவிட்டாலும் எஞ்சின் வேகக் கைப்பிடியை முன்னால் தள்ளினால் போதும், உடனே தூக்கிவிடும். இதில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஜெட் பயிற்சிக்குத் தேர்வானதும் பழைய வேலையை விட்டுவிட்டேன். அங்கேதான் வந்தது வினை. ஜெட் எஞ்சினைச் சுத்தமாகக் குறைத்தால், திரும்பத் தள்ளியதும் கேட்டுவிடாது. அது வேகம் பிடிப்பதற்குள் விமானம் மடமடவென்று இறங்கிவிடும். என்னைவிட அனுபவம் குறைந்தவர்கள் சொன்னபடி செய்து தேறிவிட்டார்கள். என் கை மட்டும் பழைய வழக்கத்தில் தானாகவே குறைத்தது. இரண்டு முறை பயிற்சியாளர் பிடுங்கி ஓட்டித்தான் காப்பாற்றினார். லீவு முடிந்ததும் கடைசித் தேர்வு. அதிலும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

எங்கள் டிராக்டர் டிரைவருக்குக் காய்ச்சல். கரும்பு லோடை ஆலைக்கு நானே ஓட்டினேன். அக்கா மட்கார்டில் உட்கார்ந்து வந்தாள். வாய்க்கால் பாலத்துக்கு ஏறும் மேட்டைப் பார்த்ததும், லோடு இருக்கிறதே என்று பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன். பாதி மேட்டில் திணறியபோது மிதித்தேன். எஞ்சின் இரைந்ததே தவிர இழுக்கவில்லை. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் வரிசையாகக் கரும்பு மாட்டுவண்டிகள்! நான் பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன். அக்கா குதித்து, ஓரத்தில் கிடந்த கல்லைப் புரட்டி டிரெய்லர் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். வண்டி நின்றது.

"ஏஞ்சாமி, ஏரோப்ளேனையும் இப்பிடித்தான் ஓட்டறயா? மேடு வாரதுக்கு முன்னாலயே மிதிச்சு வெச்சுக்கோணுமுன்னு தெரியாதா?"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமாங்கக்கா, இப்பிடியேதான் ஓட்டறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மாட்டுவண்டிகள் ஒதுங்கியதும் அக்கா கல்லை விலக்க, டிராக்டரை மெல்லப் பின்னால் இறக்கி, கீழிருந்தே இரைச்சல் குறையாமல் ஏற்றினேன்.

தேர்வு நாளன்று இறங்கும்போது கை குறைக்கத்தான் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடுதளத்தின் விளிம்பு தாண்டும்வரை எஞ்சின் சத்தத்தை விடாமல் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டுக் காற்று ஒன்று தள்ளியது. நான் யோசிப்பதற்குள் என் கால் பெடலை மிதித்து விமானத்தின் மூக்கை நேராக்கிவிட்டது. கரும்புக்காட்டின் மேல் மருந்து தெளித்து வருடக்கணக்கில் பழகிய கால் அது. பயிற்சியாளர் கடைசிவரை எதையும் தொடவில்லை. இறங்கியதும், கால் வேலையை எங்கே கற்றாய் என்று மட்டும் கேட்டார். நான் தேறிவிட்டேன்.

பழைய பழக்கம் எல்லாவற்றையும் உதறினால்தான் பிழைப்பேன் என்று அந்த லீவு முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். உதற வேண்டியது கையை மட்டும்தான், கால் என்னைக் காப்பாற்றக் காத்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.