சுவரில்லாத வீட்டில் குமாஸ்தா குருசாமி

திண்டுக்கல் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா குருசாமியின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர் அதைக் குனிந்த காலம், நிமிர்ந்த காலம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. குனிந்த காலம் அவருடைய பதினாறாம் வயதில் தொடங்கியது. அந்த வருஷம்தான் அவர் ஆறடி இரண்டங்குலம் வளர்ந்து முடித்தார். அவருடைய தகப்பனார் சின்னாளபட்டியில் நெசவுக்காரர். பையனைத் தறிக்குழியில் இறக்கிப் பார்த்தார். முழங்கால் மோவாயில் இடித்தது. "இவன் தறிக்கு ஆகமாட்டான். படிக்கட்டும்" என்று பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். நம் நாட்டில் எத்தனையோ பேர் படித்ததற்கு இதைவிட உயர்ந்த காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

ரயில்வே உத்தியோகம் கிடைத்தது. அத்தை மகள் சொர்ணலட்சுமியும் கிடைத்தாள். நாகல்நகரில் ஆறு குடும்பம் சேர்ந்து இருக்கும் வரிசை வீட்டில் ஒரு பகுதியும் கிடைத்தது. அந்த வீட்டின் நிலைவாசல் ஐந்தரை அடி உயரம்தான். காலையில் ஆபீஸ் போகும்போது ஓர் இடி, சாயங்காலம் திரும்பும்போது ஓர் இடி. சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்கள். எட்டு வருஷத்தில் குருசாமியின் கழுத்து தானாகவே முன்னால் வளைந்துவிட்டது. மேலதிகாரிகள் அதைப் பணிவு என்று நினைத்து, அவரை மற்ற குமாஸ்தாக்களுக்கு உதாரணமாகக் காட்டினார்கள்.

நிமிர்ந்த காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம், தை மாதத்தில், பேகம்பூர் போகும் வழியிலுள்ள ஒரு புகையிலைக் கிட்டங்கியின் மாடியில் ஆரம்பமாயிற்று.

கிட்டங்கி நூர் அகமது ராவுத்தருடையது. கீழ்த்தளத்தில் புகையிலைச் சிப்பம் அடுக்குவார். மாடி காலியாகக் கிடந்தது. அதை வீடாக மாற்றி வாடகைக்கு விடலாம் என்று தோன்றவே, மரத்தரையை இழைத்து மெருகேற்றினார். மின்விசிறி மாட்டினார். மாடிக்கே குழாய் கொண்டுவந்தார். ஒரு மூலையில் கல் பாவி அடுப்பு மேடை கட்டினார். அறை பிரிக்கச் சுவர் எழுப்பும் கட்டம் வந்தபோது, "செங்கல் சுவர் வச்சா மரத்தரை தாங்காது. எல்லாம் கீழ இருக்கிற புகையிலை மேல வந்து உட்கார்ந்துரும்" என்று கொத்தனார் கைவிரித்துவிட்டார். அன்றிலிருந்து சுவர் இல்லாததே அந்த வீட்டின் முதல் வசதி ஆயிற்று.

"பினாங்குல தொரைமார் எல்லாம் இப்படித்தான் இருக்காங்க" என்றார் ராவுத்தர், வீடு பார்க்க வந்த குருசாமியிடம். "அறைக்குள்ள அடைஞ்சு கிடக்கிறதெல்லாம் இல்லாதவங்க பண்றது."

குருசாமி அதைக் காதில் வாங்கவில்லை. நாற்பதடி நீளக் கூடத்தின் நடுவில் போய் நின்றார். மேலே பார்த்தார். கூரை பதினாறு அடி உயரத்தில் இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை. பிறகு மெல்ல, எலும்பு எலும்பாக, நிமிர்ந்தார். முதுகில் எங்கோ நெட்டி முறிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "புகையிலை நெடிங்க" என்றார்.

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை. கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தில் ஒரே நிபந்தனைதான் கடுமையானது: மாடி குடியிருப்புக்கு மட்டுமே, வியாபாரம் எதுவும் செய்தால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரு வரி, கடைக்கு ஒரு வரி என்று நகராட்சி வைத்திருப்பதால் ராவுத்தருக்கு இதில் கவலை அதிகம்.

சொர்ணலட்சுமி வந்து பார்த்தாள். நாலு மூலைக்கும் நடந்து பார்த்தாள்.

"வீடு எங்கங்க?"

"இதான்."

"இது தேரு நிறுத்துற கொட்டாயில்ல? நீங்க பாட்டுக்கு நிமிந்துக்கிட்டீங்க. நான் எங்க போயி சேலை மாத்துவேன்?"

நியாயமான கேள்வி. பினாங்குத் தொரைமாரின் மனைவிமார் என்ன செய்தார்கள் என்பது ராவுத்தருக்கும் தெரியவில்லை. ஆனால் சொர்ணலட்சுமியின் அண்ணனுக்குச் சின்னாளபட்டியில் ஐந்து தறி. மறுநாளே பஸ்ஸில் ஒரு மூட்டை வந்தது. குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிச் சுங்குடிச் சேலைகளைத் தொங்கவிட்டாள். அரக்கில் வெள்ளைப் புள்ளி போட்டது படுக்கையறை. மாம்பழ மஞ்சள் சமையற்கட்டு. கிளிப்பச்சை வரவேற்பறை. பெரிய ஜன்னல்கள் ஆறு இருந்ததால் காற்றுக்குக் குறைவில்லை. மேல்காற்று அடித்தால் படுக்கையறை பெருத்துச் சமையற்கட்டு சிறுக்கும். கீழ்காற்று அடித்தால் வரவேற்பறை வந்து அடுப்பை முத்தமிடப் பார்க்கும். குருசாமி எதையும் பொருட்படுத்தவில்லை. நிமிர்ந்தபடியே எல்லா அறைகளுக்கும் போய் வந்தார்.

மூன்றாம் வாரம் நிலக்கோட்டையிலிருந்து பூ கொண்டுவந்து விற்கும் மாயம்மாள், ரோட்டில் போகும்போது மேலே பார்த்தாள். ஜன்னல் நிறையச் சேலை. காலிக் கூடையோடு படியேறி வந்துவிட்டாள்.

"ஏத்தா, அந்த அரக்குச் சேலை என்ன வெல?"

"அது சேலையில்லக்கா, சுவரு."

"சரி, சுவரு என்ன வெல?"

சொர்ணலட்சுமி நெசவுக்காரர் வீட்டுப் பெண். விலை கேட்டவளை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை.

சாயங்காலம் குருசாமி வந்தார். கட்டில் நட்டநடுவே அநாதையாக நின்றது.

"படுக்கையறை எங்க?"

"நெலக்கோட்டைக்குப் போயிருச்சு. நாளைக்கு அண்ணன் வேற அனுப்பும்."

அதன் பிறகு வீட்டின் அமைப்பு வாரத்துக்கு வாரம் மாறியது. சந்தை நாளில் இரண்டு தடவை மாறியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் குருசாமி படுக்கையறையில் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது, நத்தத்துப் பெண்கள் மூவர் தெற்குச் சுவரை விலைபேசி இறக்கிவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் மட்டும், "நீங்க கட்டுங்கப்பு, நாங்க பாக்கல" என்றாள்.

"சொர்ணம், இது வியாபாரம். ஒப்பந்தத்துல இருக்கு" என்றார் குருசாமி அன்று.

"நான் கடையா வச்சிருக்கேன்? போர்டு இருக்கா? கல்லாப்பெட்டி இருக்கா? சுவரு பழசாச்சு, மாத்துறேன். அம்புட்டுத்தான்."

குருசாமி சட்டத்துக்குப் பயந்தவர். ஒப்பந்தம் நினைவுக்கு வரும்போதெல்லாம் நாகல்நகர் நிலைவாசலும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. கழுத்து ஓர் அங்குலம் கீழே இறங்கியது. மாசி முடிவதற்குள் மூன்று அங்குலம் இறங்கிவிட்டது. கூட்ஸ் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட், "மறுபடியும் பழைய மாதிரி ஆயிட்டீங்க, சந்தோஷம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராவுத்தர் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிளிப்பச்சைச் சுவரை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கைத்தடியால் மற்றச் சுவர்களைச் சுட்டினார்.

"குருசாமி, இதெல்லாம் என்ன?"

"சுவருங்க."

"ஊருல கடைன்னு சொல்றாங்களே."

குருசாமி பொய் சொல்லத் தெரியாதவர். உண்மை சொல்லவும் தைரியமில்லை. அந்தச் சமயம் படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாயம்மாள் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தாள்.

"ஏத்தா, போன தடவை நான் வாங்குன சுவரு சாயமே போகல. இவளுக்கும் ஒரு சுவரு குடு" என்றாள். பிறகுதான் ராவுத்தரைப் பார்த்தாள். "பாய், நீங்களும் சுவரு பாக்க வந்தீங்களா? அந்த மஞ்சளை விட்டுருங்க, அது எங்களுக்கு."

ராவுத்தர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க."

குருசாமியின் தலை நெஞ்சைத் தொடப் போயிற்று. சொர்ணலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பண்றோம் ராவுத்தரய்யா. ஒண்ணு கேக்குறேன். வீட்டுக்குச் சுவரு வைக்க வேண்டியது குடியிருக்கிறவுகளா, வீட்டுக்காரரா? நீங்க வச்சுக் குடுத்திருந்தா நான் ஏன் துணியைக் கட்டப் போறேன்? இன்னைக்கே கொத்தனாரை வரச் சொல்லுங்க. அவரு ஒரு வரிசை செங்கல் வச்சதும் நான் ஒரு சேலையை இறக்குறேன்."

ராவுத்தர் கீழே அடுக்கியிருந்த புகையிலையை நினைத்தார் போலிருக்கிறது. கைத்தடியால் மரத்தரையை மெல்லத் தட்டிப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் குருசாமி வாயைத் திறந்தார். "ஒப்பந்தத்துல வியாபாரம் கூடாதுன்னு இருக்குங்க. சுவரைப் பத்தி ஒண்ணுமே இல்லீங்க. நான் முப்பது தடவை படிச்சுட்டேன்."

"வீட்டுல கலந்து சொல்றேன்" என்று ராவுத்தர் இறங்கிப் போனார். மாயம்மாள் மஞ்சள் சுவரை வாங்காமல் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை திரை கட்டிய ஜட்கா ஒன்று கிட்டங்கி வாசலில் நின்றது. ராவுத்தரின் மனைவி நர்கீஸ் பீவி, வீடு எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். பார்த்தார். ஒவ்வொரு சுவரையும் இரண்டு விரலால் நெருடினார். வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் திருப்பினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"எம்மா, இந்த வரவேற்பறை நல்லா இருக்கு. எம் மருமகளுக்கு எடுத்துக்கிறேன். நீலத்துல ஒரு படுக்கையறை வருமா?"

"அண்ணங்கிட்டச் சொல்றேம்மா. பெருநாளுக்கு முன்ன வந்துரும்."

சாயங்காலம் விவரம் கேட்ட குருசாமி கட்டிலில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ராவுத்தர் வந்தார். கையில் முத்திரைத்தாள். முகத்தில், வீட்டில் கலந்து பேசியவருக்கே உரிய அமைதி. புதிய ஒப்பந்தத்தை அவரே வாசித்தார்: "மேற்படி மாடியில் சுவர்கள் இல்லாமையால், குடியிருப்பவர் தம் செலவில் துணிச் சுவர்கள் அமைத்துக்கொள்ளவும், அவற்றை வேண்டும்போது மாற்றிக்கொள்ளவும் உரிமை உடையவர். அப்படி மாற்றுவது வியாபாரம் ஆகாது. புதிய சுவர் எது வந்தாலும் முதலில் வீட்டுக்காரரின் மனைவிக்குக் காட்டப்பட வேண்டும்."

"கடைசி வரி?" என்றார் குருசாமி.

"அது இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது தம்பி. கையெழுத்துப் போடுவோம். வச்சு எழுத ஏதாச்சும் இருக்கா?"

அடுப்பு மேடை ஈரமாக இருந்தது. கட்டில் மேல் வைத்தால் மெத்தை அமுங்கியது. சுவரில் வைத்தால் சுவர் பின்னால் போயிற்று. ராவுத்தர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "குருசாமி, செத்த நேரம் திரும்பி நில்லுங்க" என்றார்.

குருசாமி திரும்பி நின்றார். ராவுத்தர் அவர் முதுகில் முத்திரைத்தாளை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நேரா நில்லுங்க. கோடு கோணுது."

நின்றார்.