மன்னார்குடி எந்தப் பக்கம்?

கிள்ளான் பாலத்தில் நெரிசலில் சிக்கி நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கைப்பேசி கேமராவைத் தூக்கிப் பிடித்தால், ஒவ்வோர் ஊரின் பெயரும் தூரமும் திரையில் அந்தந்தத் திசையிலேயே மிதந்தால் என்ன? ஒரே மாதத்தில் அப்படியொரு செயலியைச் செய்துவிட்டேன். கிழக்கே செமினி மிதந்தது, தெற்கே பந்திங்.

முதலில் காட்டியது, எங்கள் வீட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் என்னும் நுரைக்க ஆற்றிய டீ கலக்கும் அண்ணனிடம். கடல் தாண்டி வேலைக்கு வந்த மன்னார்குடிக்காரர்; ஒல்லி; சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். மாலையில் கடைக்குப் பின்னால் நின்று ஊரிலிருக்கும் மகளோடு பேசுவார், எப்போதும் தெற்கே பார்த்தபடி.

“நம்ம ஊரைப் போடு தம்பி.”

போட்டேன். தெற்கே தேடினார், இல்லை. பெயர் மேற்கே, கடல் பக்கம் மிதந்தது.

“தப்பா காட்டுதுலா. ஏர்போர்ட் இந்தப் பக்கம்ல?”

“அது பிளேன் ஏறுற இடம்ணே. ஊரு அங்கதான்.”

“அப்போ இத்தனை வருஷமா பந்திங்கைப் பார்த்தா புள்ளைகிட்ட பேசினேன்?” கண்மூடிச் சிரித்தார்.

மறுநாளும் தெற்கே பார்த்தே பேசினார். ஏன் என்று கேட்டேன்.

“அந்தப் பக்கம் பார்த்தா வெறும் கடலு தம்பி. இந்தப் பக்கம் பார்த்தா ஏர்போர்ட்டு; வேலை பெர்மிட் புதுப்பிச்சு வந்ததும் லீவு போட்டுப் போயிடலாம்னு தோணுது.”

பெர்மிட் இன்னும் வரவில்லை. நான் செயலியில் மன்னார்குடியின் திசையை அழித்துவிட்டேன். அடுத்து வழியைப் போடப்போகிறேன்: கடை வாசலில் தொடங்கி, விமான நிலையம், திருச்சி, மன்னார்குடி பேருந்து என்று, அவர் மகள் நிற்கும் வாசல்வரை.