அதே ஜாடை

ஈர முடியை ஒரு பக்கமாகத் தள்ளி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவாள் அக்கா. 1960களின் தொடக்கத்தில், ஒரு சாரல் காலத்துக் காலையில் குற்றாலத்து ஐந்தருவிக் கரையில் அவள் அப்படி நின்றதை இன்றும் என்னால் அமைதியாக நினைக்க முடியவில்லை.

தென்காசியில் அப்போது சில குடும்பங்கள் பெண் பார்ப்பதை அருவியில் வைத்துக்கொள்ளும். இரு வீட்டாரும் குளிக்க வந்ததுபோல் சந்திப்பார்கள். குளித்து வரும் பெண்ணிடம் பவுடரும் இராது, சவுரியும் இராது, ஏமாற வழியில்லை.

அக்கா பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கல்யாணம் முடிந்தால்தான் எனக்கு. பார்க்க வந்தவர் மனைவியை இழந்தவர். முந்தின நாள் விடைத்தாள் திருத்தியபோது, ‘லைக்கன்’ (liken) என்ற வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் பிள்ளைகள் ‘கம்பேர்’ எழுதியிருப்பதாக அக்கா சலித்துக்கொண்டாள்.

“கம்பேர்னா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கோம். எது ஒசரம், எது குட்டைன்னு. லைக்கன் அப்படி இல்லட்டி. இது அதைப் போலன்னு சொல்லியாச்சு. அதுக்கப்புறம் இதை யாரு பாக்கா?”

அந்தக் கடைசிக் கேள்வி எந்த அகராதியிலும் இல்லை.

அருவிக்கரையில் மாப்பிள்ளையின் அம்மா அக்காவைக் கண்டதும் தன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, பாருட்டி! போனவளை அப்படியே உரிச்சு வச்சிருக்கா. முடி பிழியுத கையைப் பாரு!” அழுதபடியே சிரித்தாள். பிறகு எங்களைப் பெற்ற ஐயாவிடம், “இன்னைக்கே பூ வச்சிருவோம் அண்ணாச்சி” என்றாள். ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அக்கா நேராக மாப்பிள்ளையிடம் கேட்டாள்: “அவுக பேரு என்ன?”

சட்டென்று சொன்னார்.

“எம் பேரு?”

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“சரி, பாத்துப் போயிட்டு வாங்க” என்று அக்கா கும்பிட்டாள். வீடு வரும்வரை ஐயா பொருமினார். “பேருதானட்டி! நாளைக்குத் தெரிஞ்சுக்கிட மாட்டாரா?”

மறு வருஷம் வரிசை மாறி எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அக்கா பண்ணிக்கொள்ளவில்லை. பிறகு நான் பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில், செய்தியில் ‘போல’ வரும் இடமெல்லாம் என் பேனா நின்றுவிடும். அந்த மாப்பிள்ளை பெயர் தெரியாமல் அம்மாவைப் பார்த்தாரா, கூச்சத்தில் பார்த்தாரா? நேரில் பார்த்தவள் நான். ஆனாலும் உறுதியாக எழுத முடியவில்லை. ஐயா சொன்னதிலும் நியாயம் இருந்ததோ என்று சில நாள் தோன்றும்; மறுநாள் தோன்றாது.

போன சாரலில் இருவரும் ஐந்தருவிக்குப் போனோம். அக்கா நரைத்த முடியை அதேபோல் முறுக்கிப் பிழிந்தாள். அருகில் சேலை மாற்றிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, “அக்கா தங்கச்சியா ஆச்சி? அப்படியே அவுக ஜாடை!” என்றாள்.

நான் சிரிக்கப் போனேன். அதற்குள் அக்கா அவளிடம் திரும்பினாள்.

“இவளுக்கு ஒரு பேரு இருக்கு. கேட்டுக்கோ.”